ஹால்ட் ஜாஸ்தி

ஒன்றரை. ராகுகாலம் முடிந்துவிட்டது, இனி எடுத்துவிடலாம் என்று வாசல் பந்தலில் பேசிக்கொள்கிறார்கள். எடுப்பது என்றால் உங்களைத்தான். நேற்று விடிகாலை நாலரைக்கு மூச்சை விட்டீர்கள், முப்பத்துமூன்று மணி நேரமாக இந்த ஐஸ் பெட்டிக்குள் படுத்திருக்கிறீர்கள், நான் உங்கள் தலைமாட்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வலது கால் மரத்துப்போய் அரை மணி ஆகிறது. கண்ணாடியில் ஆவி படிகிறது, முந்தானையால் துடைத்தால் உங்கள் மூக்கும் மீசையும் தெரிகின்றன, நூறு எண்ணுவதற்குள் மறுபடி மூடிக்கொள்கிறது. பெட்டியின் மோட்டார் உர்ரென்று ஓடுகிறது, நிற்கிறது, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மறுபடி ஓடுகிறது. அது நிற்கும்போதெல்லாம் எனக்குப் பக்கென்கிறது, கரண்ட் போய்விட்டதா என்று பல்பைப் பார்க்கிறேன். போகவில்லை. போகக் கூடாது. இன்னும் ஒரு மணி இருபது நிமிஷத்துக்கு எதுவும் போகக் கூடாது, அப்புறம் ஒரு மணி, அதற்கப்புறம் கொஞ்சம். அரசி இந்நேரம் அரபிக் கடலுக்கு மேலே இருப்பாள். உங்கள் மகள். நமக்குப் பிறந்தது ஒன்றே ஒன்று, மங்கையர்க்கரசி என்று நீங்கள்தான் பெயர் வைத்தீர்கள், பதினோரு வருஷமாக அந்தப் பெயரை நீங்கள் வாயால் சொல்லவில்லை. டொரண்டோவில் நேற்றுக் காலை பத்தரைக்கு ஏறினாள், நமக்கு அது ராத்திரி எட்டு மணி. துபாய்க்குப் பன்னிரண்டே முக்கால் மணி நேரம். அங்கே இரண்டு மணி ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். துபாயிலிருந்து திருச்சிக்கு நாலு மணி. மொத்தம் பதினாலாயிரம் கிலோமீட்டர், பதினெட்டு மணி ஐம்பது நிமிஷம், இரண்டு ஐம்பதுக்குத் திருச்சியில் இறங்குவாள். ஏர்போர்ட்டிலிருந்து புதுக்கோட்டைக்கு நாற்பத்தெட்டு கிலோமீட்டர், அதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு ரபீக் காரை எடுத்துக்கொண்டு பன்னிரண்டுக்கே போய்விட்டான். அவள் வந்து உங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் நீங்கள் இந்த வீட்டை விட்டுப் போகிறீர்கள். நான் முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் இன்னும் சொல்லவில்லை, அது ஒன்றுதான் பாக்கி.

வண்டி நேரம் பார்ப்பது உங்கள் தொழில். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். கூண்டு மாதிரி ஓர் அறை, கழுத்தில் விசில், முன்னால் தடியான நோட்டு, வந்த நேரம், புறப்பட்ட நேரம், லேட் என்றால் எத்தனை நிமிஷம் என்று சிவப்பு மையில். வீட்டுக்கு வந்தாலும் அந்த நோட்டு மூடாது. குளிக்க ஏழு நிமிஷம், சாப்பிடப் பன்னிரண்டு, நான் கோயிலுக்குப் போய்வர நாற்பது. ஐம்பது ஆனால் கேட்க மாட்டீர்கள், சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்ப்பீர்கள், அது போதும் எனக்கு. அரசிக்கு மூன்று வயசு இருக்கும்போது, என் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று அறந்தாங்கிக்குப் புறப்பட்டேனே, ஞாபகம் இருக்கிறதா. ஆறு பத்து வண்டி. ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் பை, செருப்பு வார் வேறு அறுந்துவிட்டது, அதைக் காலால் இழுத்துக்கொண்டு ஓடி வருகிறேன். நீங்கள் அறை வாசலில் நின்று எங்களைப் பார்க்கிறீர்கள். நான் கையை ஆட்டுகிறேன். பார்த்துக்கொண்டே விசிலை வாயில் வைத்து ஊதினீர்கள், வண்டி போய்விட்டது. "ரெண்டு நிமிஷம் லேட்டு நீ" என்றீர்கள். உங்களை அன்றைக்குக் கொன்று போட்டிருப்பேன். அடுத்த வண்டிக்கு நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷமும் பிள்ளைக்கு பன்னும் பாலும் வாங்கிக் கொடுத்து, மடியில் வைத்துக்கொண்டு, எந்த வண்டி எந்த ஊருக்கு என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தீர்கள், அறுந்த வாரை எங்கிருந்தோ ஒரு ஊக்கு கொண்டுவந்து நீங்களே குத்தியும் கொடுத்தீர்கள். நிறுத்தவும் மாட்டீர்கள், விட்டுவிட்டுப் போகவும் மாட்டீர்கள். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்திருக்க முடியும். போன மாசம் ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு, திடீரென்று கேட்டீர்கள். "அங்கேருந்து இங்க வர எத்தனை மணி நேரம்?" எங்கேயிருந்து என்று சொல்லவில்லை. வாசலிலிருந்து வாசலுக்கு இருபத்துநாலு மணி என்றேன். "நடுவுல எங்க நிக்கும்?" துபாய் என்றேன். "எவ்வளவு நேரம்?" இரண்டு மணிக்கு மேலே என்றேன். "ஹால்ட் ஜாஸ்தி" என்றுவிட்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தீர்கள். அவ்வளவுதான். ஹால்ட் ஜாஸ்தி. அந்த இரண்டு வார்த்தையை இந்த ஒரு மாசத்தில் ஆயிரம் தடவை எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறேன். சீக்கிரம் வரட்டும் என்றா, எப்படியும் வந்து சேர மாட்டாள், நல்லதாகப் போயிற்று என்றா, இல்லை வெறுமனே வண்டியைப் பற்றிச் சொன்னீர்களா. கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன, கடித்தா வைப்பீர்கள். நான் கேட்கவில்லை, போர்வையை இழுத்துவிட்டேன்.

பசிக்கிறது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, உங்களை இப்படிப் போட்டுவிட்டு எனக்குச் சாம்பார் சாதம் ஞாபகம் வருகிறது. ரோஜா மாலை வாடையும் பத்திப் புகையும் கலந்து தொண்டையில் உட்கார்ந்திருக்கிறது. ரபீக்கின் அம்மா காலையில் ஒரு டம்ளர் காப்பியை என் உள்ளங்கையில் திணித்தார், யாரும் பார்க்காமல் குடித்தேன். அழ வேண்டிய நேரத்தில் ஒழுங்காக அழுகை வரவில்லை, யாராவது புதிதாக வந்து கட்டிக்கொண்டு கத்தும்போது நானும் கத்துகிறேன், அவர்கள் விட்டதும் மறுபடி மணி பார்க்கிறேன். சேலை மடிப்புக்குள் போன் இருக்கிறது. இப்போது பந்தலில் நாற்காலி நகர்கிற சத்தம், உங்கள் தம்பியின் குரல். அம்பலவாணன் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர், இன்னும் வகுப்பில் நிற்கிற மாதிரியே பேசுவார். "எல்லாரும் கேட்டுக்கங்க. டிக்கெட்டை ரபீக் என்கிட்ட குடுத்துட்டுப் போயிருக்கான். திருச்சி அரைவல் ரெண்டு அம்பதுன்னு போட்டிருக்கு. அது அவ இருக்கிற ஊர் நேரம். நமக்கும் அவங்களுக்கும் ஒம்பதரை மணி வித்தியாசம். கூட்டிப் பாத்தா ராத்திரி பன்னெண்டு இருபது. அப்புறம் செக்கிங்கு, காரு, விடிஞ்சிரும். இன்னொரு ராத்திரி அண்ணனை இப்படிப் போட்டு வைக்க முடியாது. ரெண்டரைக்கு எடுத்துருவோம்." ஆமாம் ஆமாம் என்கிறார்கள். கணக்கு வாத்தியார் சொல்லிவிட்டார், யார் மறுத்துப் பேசுவது. தப்பு, தப்பு, டிக்கெட்டில் இறங்குகிற ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள், நம் நேரத்தின் மேல் அந்த ஒன்பதரையையும் கூட்டி வைத்திருக்கிறார் இந்த ஆள். பத்து வருஷமாகத் தினமும் இரண்டு ஊர்க் கடிகாரத்தோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். கோடையில் ஒன்பதரை, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்தால் பத்தரை, மார்ச்சில் மறுபடி ஒன்பதரை. எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். பக்கத்தில் உங்கள் அக்கா சௌந்தரம் உட்கார்ந்திருக்கிறார், அவர் காதில் சொல்கிறேன், அண்ணி, அது நம்ம ஊரு நேரம், ரெண்டு அம்பதுக்கே வந்துருவா. அவர் என் தோளில் தட்டுகிறார், குழந்தையைத் தட்டுகிற மாதிரி. "நீ சும்மா இரு கோமளா. அம்பலவாணனுக்குத் தெரியாத கணக்கா."

சும்மாதான் இருந்தேன். சும்மா இருந்து இருந்து எனக்கு அறுபத்துநாலு வயசாகிவிட்டது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, இதே வாசல், இதே கேட். சௌந்தரம் அண்ணியின் மகன் குமரகுருவுக்கு அரசியைக் கட்டிக் கொடுத்து ஏழு மாசம். சொந்தத்தில் பண்ணினால் பிள்ளை கண் முன்னால் இருக்கும் என்றீர்கள். ஒரு பெட்டியோடு அவள் கேட்டுக்கு வெளியே நிற்கிறாள். "என்னால முடியலம்மா" என்கிறாள், உங்களிடம் இல்லை, உங்கள் தோளுக்குப் பின்னால் நின்ற என்னிடம். நீங்கள் கேட்டின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு, "வந்த வண்டியிலயே திரும்பிப் போ" என்றீர்கள். நான் என்ன செய்தேன்? என்ன முடியவில்லை என்றுகூடக் கேட்கவில்லை. உள்ளே வா என்று இரண்டு வார்த்தை, அது வாயில் வரவில்லை. அடுப்பில் பால் வைத்திருந்தேன், அது பொங்குகிற சத்தம் கேட்டது, அணைக்கப் போனேன். நிஜமாகவே பாலை அணைக்கப் போனேன். திரும்பி வந்தபோது தெருவில் அவள் இல்லை. தோழி வீட்டில் தங்கி, பரீட்சை எழுதி, டொரண்டோவுக்குப் படிக்கப் போய், வேலைக்குச் சேர்ந்து, எல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு நீங்கள், "என் சாவுக்கும் அவ வரக் கூடாது" என்றீர்கள். அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன். ஒரு வருஷம் கழித்து அவள் போன் பண்ணினாள். காலையில் ஆறிலிருந்து ஏழு வரை நீங்கள் நடக்கப் போவீர்கள், ஆறரைக்கு அவளுக்கு ராத்திரி ஒன்பது, அதுதான் எங்கள் நேரம். என்ன அதிசயம் என்றால், இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட நீங்கள் ஏழுக்கு முன்னால் திரும்பி வந்ததில்லை. மழையில் மற்றவர்கள் ஓடி வருவார்கள், நீங்கள் ஏழு அடித்த பிறகு சொட்டச் சொட்ட நனைந்து வருவீர்கள். தெரிந்து செய்தீர்களா. தெரியாமல் எப்படி இருக்கும். இல்லை, நேரம் என்றால் நேரம் என்கிற உங்கள் பிடிவாதமா. இதையும் நான் கேட்கவில்லை. இனி யாரிடம் கேட்பது. மோட்டார் நிற்கிறது. பல்பு எரிகிறது. சரி.

இரண்டே கால். சொர்க்க ரதம் வந்து வாசலில் நிற்கிறது, டிரைவர் ஹாரனைத் தெரியாமல் தொட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறான். நாலு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறார்கள். அம்பலவாணன் என் பக்கத்தில் குனிந்து, "அண்ணி, கொஞ்சம் நகந்துக்கங்க, நேரமாச்சு" என்கிறார். பயமாக இருக்கிறது. கூட்டம் முழுக்க என்னைப் பார்க்கிறது, துக்கத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொல்லப் போகிறார்கள், சொல்லட்டும். பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்தேன். ஜில்லென்று இருந்தது.

"தம்பி, உங்க கணக்கு தப்பு."

அவர் நிமிர்ந்தார். வாழ்க்கையில் அவரிடம் யாரும் சொல்லாத வாக்கியம்.

"அரசி நேத்து நம்ம நேரம் ராத்திரி எட்டுக்கு ஏறுனா. அங்கேருந்து இங்க பதினெட்டு மணி அம்பது நிமிஷம். நீங்களே கூட்டுங்க. உங்க கணக்குப்படி பாத்தா அந்தப் பிளேனு இருபத்தெட்டு மணி நேரத்துக்கு மேல வழியில கிடக்கணும். எங்கன கிடக்கும்?"

அவர் விரலை மடக்கினார். உதடு அசைந்தது. எட்டு, பன்னிரண்டு, என்று தனக்குள் சொன்னார். யாரோ, அண்ணிக்கு ஒன்றும் தெரியாது சார், என்று ஆரம்பித்தார்கள். அப்போது சுவரோரமாக நின்ற குமரகுரு பேசினான். இரண்டு நாளாகப் பந்தல் போடுவதும் நாற்காலி எடுத்துப் போடுவதும் அவன்தான், மறுகல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள் இருக்கின்றன, அரசியைப் பற்றி என்னிடம் அவன் ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"அத்தை சொல்றதுதான் சரி மாமா. நான் சிங்கப்பூருக்குப் போய்வந்தப்ப பாத்திருக்கேன். டிக்கெட்டுல எறங்குற ஊரு நேரம்தான் போடுவான்."

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அம்பலவாணன் மடித்த விரல்களை மெதுவாக விரித்தார். முகம் சிவந்துவிட்டது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் சௌந்தரம் அண்ணி எழுந்துவிட்டார்.

"கணக்கு சரியாவே இருக்கட்டும். என் தம்பி என்ன சொன்னான்? என் சாவுக்கும் அவ வரக் கூடாதுன்னு ஊரறியச் சொன்னானா இல்லையா? அவன் வாக்கை நீயே மீறுவியா?"

மோட்டார் ஓடுகிறது. நீங்கள் எழுந்து வந்து பதில் சொன்னால் நன்றாக இருக்கும். ஹால்ட் ஜாஸ்தி என்றாவது சொல்லுங்கள். அதை இப்போது சொல்லிக் காட்டலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மனசு மாறிட்டார் அண்ணி, ஆஸ்பத்திரியில் அவளைக் கேட்டார், என்று. கண்ணீரோடு சொன்னால் நம்புவார்கள், எல்லாருக்கும் அழுகை வரும், காரியமும் முடிந்துவிடும். ஆனால் எனக்கே தெரியாததை உங்கள் தலையில் ஏன் கட்ட வேண்டும். நீங்கள் மனசு மாறினீர்களா இல்லையா என்பது உங்களோடு போகட்டும்.

"சொன்னார் அண்ணி. நானும் பக்கத்துல நின்னுதான் கேட்டேன். நாப்பத்தோரு வருஷம் அவர் சொன்னபடியே நடந்தேன். இனிமே அவர் சொல்ல மாட்டார். என் மகளை நான் வரச் சொல்லியிருக்கேன், அவ வர்றவரைக்கும் இவரை யாரும் தூக்கக் கூடாது. தூக்கணும்னா என்னையும் சேத்துத் தூக்குங்க."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்பலவாணன் கொஞ்ச நேரம் உங்களைப் பார்த்தார், கண்ணாடியில் நான் துடைத்த இடத்தின் வழியாக. "அஞ்சு மணி அண்ணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது. மயானத்துக்குப் போயிட்டு இருட்டுறதுக்குள்ள திரும்பணும்" என்றார். சரி என்றேன். ஐந்து மணி. நீங்கள் கேட்டீர்களா, ஐந்து மணி வரைக்கும் ஹால்ட்.

இரண்டு ஐம்பது வந்தது, போனது. போன் அடிக்கவில்லை. மூன்று. மூன்று ஐந்து. பிளேன் லேட்டா. இல்லை வேறு எதாவதா. கடல் மேலே பறக்கிற ஒரு பெட்டிக்குள் அவள், இங்கே ஒரு பெட்டிக்குள் நீங்கள், நடுவில் நான் ஒரு போனைப் பிடித்துக்கொண்டு. இந்தச் சனியன் பிடித்த நினைப்பு ஏன் வருகிறது, வாயைக் கழுவ வேண்டும். அவள் வருவாள். வந்து, முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? அவள் எனக்காக வருகிறாளா உங்களுக்காக வருகிறாளா? நேற்று நான் போனில் அப்பா போயிட்டார்டி என்றேன். "பாடி எப்பம்மா எடுப்பாங்க?" என்றாள். உங்கள் மகள்தான், முதலில் நேரத்தைக் கேட்கிறாள். நீ வந்த பிறகு என்றேன். யோசிக்காமல் சொன்னேன், சொல்லிவிட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. மூன்று பன்னிரண்டுக்குப் போன் அதிர்ந்தது. இறங்கிவிட்டேன் அம்மா, இங்கே பெரிய வரிசை நிற்கிறது என்று எழுதியிருக்கிறாள். அப்போதுதான், இரண்டு நாளில் முதல் தடவையாக, யாரும் கட்டிப்பிடிக்காமல் எனக்குத் தானாக அழுகை வந்தது. நிற்கவே இல்லை. ஐயோ என்று கத்தினேன். உங்களை எனக்குப் பிடிக்கும். எவ்வளவு கோபமோ அவ்வளவு பிடிக்கும். செருப்பு வாரில் ஊக்கு குத்திய அந்தக் கையை இனி எங்கே போய்ப் பார்ப்பேன். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு மணி பார்த்தேன், மூன்றரை.

பதினாலாயிரம் கிலோமீட்டர் ஒரு மாதிரி வந்துவிட்டது, இந்த வரிசை நகர மாட்டேன் என்கிறது. மூன்று நாற்பதுக்கு, இன்னும் இருபது பேர் என்று எழுதினாள். மூன்று ஐம்பத்தைந்துக்கு, முத்திரை குத்தியாயிற்று, பெட்டி வரவில்லை என்றாள். பெட்டியை விட்டுவிட்டு வா என்று எழுதத் தெரியாமல் எழுதினேன், எழுத்தெல்லாம் தப்பு, அவளுக்குப் புரிந்துவிட்டது. நாலு ஐந்துக்கு ரபீக் கூப்பிட்டான். "அம்மா, அக்கா ஏறியாச்சு, கிளம்பிட்டோம்." பாவம், அவன் குரலும் அழுகிற மாதிரி இருந்தது. நாலு ஐந்து. ஐம்பத்தைந்து நிமிஷத்துக்கு மேல் ஆகக் கூடாது. உங்கள் வண்டிகளுக்கு எத்தனை என்று எனக்குத் தெரியும், சாப்பிடும்போது நீங்கள் சொல்லிச் சொல்லி மனப்பாடம். மாத்தூர். கீரனூர். நார்த்தாமலை விலக்கு. திருக்கோகர்ணம். அப்புறம் பஸ் ஸ்டாண்ட். பையனோ பெண்ணோ பிறந்தால் முதலில் இதைத்தான் சொல்லிக் கொடுப்பேன் என்பீர்கள், அப்படியேதான் செய்தீர்கள், எல்லாப் பிள்ளையும் அ ஆ சொல்ல, அரசி மாத்தூர் கீரனூர் என்று சொல்லிக்கொண்டு தெருவில் ஓடினாள். நாலு இருபதுக்கு மாத்தூர். நாலு முப்பத்தெட்டுக்குக் கீரனூர் பக்கத்தில் ஏதோ கோயில் ஊர்வலம், வண்டி நகரவில்லை என்றான். எத்தனை நிமிஷமாக, என்று கேட்டேன். எட்டு நிமிஷமாம். எட்டு. சாமியே, நீ எங்கே போகிறாயோ போ, ரோட்டை விட்டுக் கொஞ்சம் ஒதுங்கிப் போ. ஹால்ட் ஜாஸ்தி, ஹால்ட் ஜாஸ்தி என்று வாய் தானாகச் சொல்கிறது. உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததோ அன்றைக்கு, அதனால்தான் சுவரைப் பார்த்துத் திரும்பினீர்களோ. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். துடைக்கிறேன், மீசை தெரிகிறது, ஒன்றும் சொல்லாமல் படுத்திருக்கிறீர்கள். நாலு ஐம்பத்திரண்டுக்கு நார்த்தாமலை விலக்கு.

ஐந்து. பெண்கள் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். வாய்க்கரிசித் தட்டு வந்தாயிற்று, எல்லாரும் போட்டாயிற்று, என் கையில் ஒரு பிடி அரிசி அப்படியே இருக்கிறது, வியர்வையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாலு பேர் மறுபடி உள்ளே வந்து நிற்கிறார்கள். அம்பலவாணன் முன்னால் வருகிறார், சட்டையைப் போடாமல் துண்டு மட்டும் போட்டிருக்கிறார், மணிக்கட்டில் வாட்ச். நான் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். ஒரு நிமிஷம் கிடையாது என்று சொன்னவர், சொன்னால் சொன்னதுதான், உங்கள் வீட்டு ஆண்கள் எல்லாரும் அந்த ரகம்தானே. போன் அடித்தது. ரபீக். "திருக்கோகர்ணம் தாண்டியாச்சும்மா." அம்பலவாணனைப் பார்த்து, திருக்கோகர்ணம் என்றேன். வேறு எதுவும் சொல்ல வரவில்லை. அவர் வாட்சைப் பார்த்தார். தலைக்கு மேலே உங்கள் சுவர்க் கடிகாரம் ஐந்து மணி மூன்று நிமிஷம் காட்டுகிறது, இந்த வீட்டில் அது ஒரு நாளும் தப்பாக ஓடியதில்லை, அறையில் இருக்கிற எல்லாருக்கும் அது தெரிகிறது. அவர் வாட்சைக் காதில் வைத்துக் கேட்டார். தட்டினார்.

"என் வாட்சு கொஞ்சம் ஃபாஸ்ட்டா ஓடுது அண்ணி. இன்னும் அஞ்சாகலை" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அப்புறம் தெரு முனையில் ஹாரன், ரபீக் வண்டியின் ஹாரன், பிரேக் சத்தம், கார்க் கதவு திறக்கிற சத்தம். பந்தல் விலகி வழி விட்டது. அரசி வந்தாள். முடியை வெட்டியிருக்கிறாள், கசங்கிய ஒரு சட்டை, தோளில் ஒரு பை, முகமெல்லாம் வீங்கியிருக்கிறது. ஓடி வந்தவள் கேட்டுக்கு அந்தப் பக்கம் சட்டென்று நின்றுவிட்டாள். கேட் திறந்துதான் இருக்கிறது, ஆனாலும் நின்றுவிட்டாள். தாழ்ப்பாளைப் பார்க்கிறாள். அந்தத் தாழ்ப்பாளில் இன்னும் உங்கள் கை இருக்கிறதோ என்னவோ அவளுக்கு. ஊரே பார்க்கிறது, அவள் என்னைப் பார்க்கிறாள், உங்கள் தோள் இப்போது நடுவில் இல்லை. எழுந்தேன். வலது காலில் உயிரே இல்லை, சௌந்தரம் அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டேன், அவர் தட்டிவிடவில்லை. நொண்டி நொண்டி வாசலுக்குப் போனேன். பதினோரு வருஷம் ஆயிற்று எனக்கு, அடுப்பிலிருந்து இந்தக் கேட்டுக்கு வந்து சேர.

"உள்ள வாடி" என்றேன்.

வந்தாள். பையைத் தரையில் போட்டுவிட்டு நேரே உங்களிடம் போனாள், நான் பின்னாலேயே போய்க் கண்ணாடியைத் துடைத்துவிட்டேன். அப்பா என்றாள். அப்புறம் நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள், அவள் மூச்சு பட்டு அந்த இடம் மறுபடி மங்கியது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் குனிந்து, உங்கள் காது இருக்கிற பக்கமாக, யாருக்கும் கேட்காமல் சொன்னேன்.

"எட்டு நிமிஷம் லேட்டு. எழுதிக்கங்க."